'நீ'யா, 'நீங்க'ளா?

"அப்பா, ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான இருக்காங்க? ஃப்ரெண்ட்ஸ்தான? அப்புறம் ஏன் வாங்க போங்கன்னு பேசிக்கிறாங்க?"

மகளுக்குப் பத்து வயது. இரவில் தூங்கும் முன் அவளுக்கு ஷெர்லாக் ஹோம்ஸ் கதை சொல்வேன். கையில் இருப்பது ஆங்கிலப் புத்தகம், வாய் தமிழில் சொல்லிக்கொண்டே போகும். துப்பறிவாளர் ஹோம்ஸ் தன் கூட்டாளி டாக்டர் வாட்சனை 'நீங்கள்' போட்டுப் பேசுகிறார் என்பதை அவள் கேட்ட பிறகுதான் நானே கவனித்தேன். யோசித்து வைத்ததல்ல. அப்படி வந்துவிட்டது.

முப்பது வருஷமாக நான் ஹோம்ஸ் பைத்தியம். 56 சிறுகதைகள், 4 நாவல்கள், ஆக மொத்தம் 60. எந்தக் கதையில் எந்தக் கதவு இடது பக்கம் திறக்கும் என்று நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் ஓரளவு சொல்லிவிடுவேன். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. ஆங்கிலத்தில் இப்படி ஒரு கேள்வியே கிடையாது. 'யூ' என்ற ஒரு சொல்லுக்குள் போஹிமியா அரசரும் அடங்கிவிடுவார், குதிரைவண்டிக்காரரும் அடங்கிவிடுவார். "நாளைக்குச் சொல்றேன், தூங்கு" என்று விளக்கை அணைத்தேன்.

அவள் தூங்கினாள்.

இது போன்ற அற்பமான கேள்விக்காகத் தூக்கத்தை விடுபவர்களைத்தான் ஹோம்ஸ் ரசிகர்கள் என்கிறோம். குற்றவாளி யார் என்பது எங்களுக்கு முதல் வாசிப்பிலேயே தெரிந்துவிட்டது. அதற்கப்புறமும் படிக்கிறோம் என்றால் வேறு எதற்கோ படிக்கிறோம். என் விஷயத்தில் அது கதைகளில் இருக்கும் ஓட்டைகளுக்காக. இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஒரு மயிரிழையை வைத்து ஆளையே பிடிக்கிற துப்பறிவாளர், அவர் கதையில் ஓட்டையா?

என் புத்தகத்தில் மிக அதிகமாகப் பென்சில் கிறுக்கல் உள்ள பக்கங்கள் 'செம்பட்டைத் தலையர் சங்கம்' கதையில் இருக்கின்றன. ஜேபெஸ் வில்சன் என்ற அடகுக்கடைக்காரருக்குத் தலைமுடி செம்பட்டை என்ற ஒரே தகுதிக்காக வாரம் 4 பவுண்டு சம்பளத்தில் வேலை கிடைக்கிறது. வேலை என்னவென்றால், என்சைக்ளோபீடியா பிரிட்டானிகாவை 'ஏ'யிலிருந்து ஆரம்பித்துக் கையால் படியெடுப்பது. திடீரென்று ஒருநாள் சங்கம் கலைக்கப்பட்டது என்று கதவில் அட்டை தொங்குகிறது. வில்சன் அன்றைக்கே ஹோம்ஸிடம் ஓடிவருகிறார். (அவரைக் கடையிலிருந்து கிளப்பிவிட்டு, அடியில் பக்கத்து வங்கிக்குச் சுரங்கம் தோண்டினார்கள். 1891இல் வந்த கதை, ரகசியத்தை உடைத்ததற்கு யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

இப்போது தேதிகளைப் பாருங்கள். வேலைக்கான விளம்பரம் வந்த பத்திரிகையின் தேதி 1890 ஏப்ரல் 27. வாட்சன் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, சரியாக இரண்டு மாதத்துக்கு முந்தையது என்கிறார். வில்சனும் எட்டு வாரம் வேலை பார்த்ததாகத்தான் சொல்கிறார். சம்பளக் கணக்கும் ஒத்துப்போகிறது: எட்டு நாலு முப்பத்திரண்டு, அந்த 32 பவுண்டைப் பற்றிப் பேச்சும் வருகிறது. எல்லாம் சரி. ஆனால் கதவில் தொங்கிய அட்டையில் இருக்கும் தேதி அக்டோபர் 9! ஏப்ரல் 27இலிருந்து அக்டோபர் 9 வரை 165 நாள். இருபத்து மூன்று வாரத்துக்கும் மேல். வில்சனுக்கு 90 பவுண்டுக்கு மேல் சேர்ந்திருக்க வேண்டும். அதோடு, அன்று சனிக்கிழமை என்று ஹோம்ஸ் சொல்கிறார். 1890 அக்டோபர் 9 வியாழக்கிழமை. பழைய நாட்காட்டியைப் போட்டுப் பார்த்தபோது ஏப்ரல் 27 ஞாயிற்றுக்கிழமை என்று வந்தது.

பதினெட்டு வயதில் இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். எனக்குப் புதையல் கிடைத்தது மாதிரி இருந்தது.

அப்புறம்தான் தெரிந்தது, எனக்கு முன்னால் பெரிய கூட்டமே இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று. 1911இல் ரொனால்ட் நாக்ஸ் என்பவர் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கட்டுரை வாசித்தார். பைபிளை அறிஞர்கள் வரி வரியாக அலசும் முறையில் ஹோம்ஸ் கதைகளை அலசும் கட்டுரை. கேலியாகத்தான் ஆரம்பித்தார், அது ஒரு விளையாட்டாகவே நிலைத்துவிட்டது. விளையாட்டின் விதி ஒன்றுதான்: ஹோம்ஸும் வாட்சனும் நிஜ மனிதர்கள், கதைகள் வாட்சன் எழுதிய உண்மைக் குறிப்புகள். முகத்தில் சிரிப்பு வராமல் வாதாட வேண்டும். தப்பு கண்ணில் பட்டால் ஆசிரியர் தப்பு என்று சொல்லி நழுவக் கூடாது, விளக்கம் தர வேண்டும்.

நம் உரையாசிரியர்களைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. மூலத்தில் இரண்டு இடம் முட்டிக்கொண்டால் அவர்கள் என்ன செய்வார்கள்? பாடபேதம் என்பார்கள், ஏடெழுதினவன் பிழை என்பார்கள், இடைச்செருகல் என்பார்கள். புலவன் சறுக்கினான் என்று மட்டும் சொல்லமாட்டார்கள். துப்பறியும் நாவல்கள் எழுதிய டோரதி சேயர்ஸ் அம்மையார் செம்பட்டைத் தலையர் தேதிக் குழப்பத்துக்குச் சொன்ன தீர்வும் இந்த ரகம்தான். வாட்சனின் கையெழுத்து டாக்டர் கையெழுத்து, அச்சுக்கோத்தவர் மாதத்தைத் தப்பாகப் படித்துவிட்டார் என்றார்.

அவருடைய இன்னொரு தீர்வு இதைவிட அழகு. வாட்சனின் பெயர் ஜான் ஹெச். வாட்சன். ஆனால் ஒரு கதையில் அவருடைய மனைவியே அவரை 'ஜேம்ஸ்' என்று கூப்பிடுகிறாள். கட்டின மனைவிக்குப் புருஷன் பெயர் மறந்துவிடுமா? சேயர்ஸ் சொன்னார்: அந்த 'ஹெச்' என்பது ஹேமிஷ். ஹேமிஷ் என்பது ஜேம்ஸ் என்ற பெயரின் ஸ்காட்லாந்து வடிவம். மனைவி செல்லமாக நடுப்பெயரை ஆங்கிலமாக்கிக் கூப்பிட்டிருக்கிறாள். ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு ஓட்டையை அடைத்து, அதற்கு மேல் ஒரு கணவன் மனைவியின் அந்தரங்கக் கொஞ்சலையும் கட்டிவிட்டார். இதைப் படித்த அன்று எழுந்து நின்று கைதட்டலாம் போலிருந்தது.

வாட்சனின் காயம் இன்னொரு தீராத வழக்கு. 1880இல் ஆப்கானிஸ்தானில் மைவாண்ட் போரில் அவருக்குக் குண்டடி பட்டது. முதல் நாவலில் தோளில். இரண்டாவது நாவலில் காலில். ஒரே குண்டு இரண்டு இடத்தில் பாய எப்படிக் குனிந்திருக்க வேண்டும் என்று படம் போட்டு விளக்கியவர்கள்கூட உண்டு. வீட்டுக்கார அம்மாள் ஹட்சன், ஒரு கதையில் மட்டும் திடீரென்று டர்னர் ஆகிவிடுகிறார். அதற்கும் விளக்கங்கள் இருக்கின்றன. ஒன்றும் தேறாது என்பது என் அபிப்பிராயம்.

இவ்வளவு ஓட்டை எப்படி வந்தது? இந்தக் கதைகளின் ஆசிரியர் ஆர்தர் கானன் டாயில் அக்கறையில்லாமல் எழுதினார் என்பதுதான் நேர்மையான பதில். முதல் நாவலை எல்லா உரிமையோடும் 25 பவுண்டுக்கு விற்றுவிட்டார். 1887இல் அது ஒரு கிறிஸ்துமஸ் மலரில் வந்தது. தன்னுடைய சரித்திர நாவல்களால் நிலைக்கப்போகிறோம் என்று நம்பியவருக்கு ஹோம்ஸ் ஒரு தொந்தரவு. ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் சிறுகதைகள் ஆரம்பித்த அதே 1891இல், ஹோம்ஸைக் கொன்றுவிடலாம் என்று இருக்கிறேன் என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். அம்மா கூடாது என்றுவிட்டார். இரண்டு வருஷம்தான் பொறுத்தார். 1893 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் ரைகன்பாக் அருவியில் தள்ளிவிட்டார்.

ஒருமுறை எழுதிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவது அவர் வழக்கம். 'சில்வர் பிளேஸ்' என்ற குதிரைப் பந்தயக் கதையில் பந்தய விதிமுறைகள் அத்தனையும் தப்பு. கதையில் வருகிறவர்கள் செய்ததை நிஜத்தில் செய்திருந்தால் பாதிப் பேர் சிறையில் இருந்திருப்பார்கள், மீதிப் பேருக்குப் பந்தய மைதானத்தில் நிரந்தரத் தடை விழுந்திருக்கும் என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். 'புள்ளி போட்ட பட்டை' கதையில் பாம்பு பால் குடிக்கிறது, விசில் சத்தம் கேட்டுத் திரும்பி வருகிறது, மணிக்கயிற்றைப் பிடித்து ஏறுகிறது இறங்குகிறது. பாம்புக்குப் பால் வார்த்த கதை என்று நாம் பழமொழிக்குத்தான் சொல்வோம், டாயில் அதில் முழுசாக ஒரு கொலையே செய்துவிட்டார். ஆனாலும் ராத்திரி தனியாகப் படித்தால் முதுகு சில்லிடுவது நிற்பதில்லை.

நாக்ஸின் கட்டுரையைப் படித்துவிட்டு டாயில் அவருக்கு எழுதியதும் இந்த மனநிலையில்தான். இதற்குப் போய் இவ்வளவு மெனக்கெடுவார்களா என்று வியந்து, என்னைவிட உங்களுக்கு இந்தக் கதைகளைப் பற்றி நிறையத் தெரிந்திருக்கிறது என்றார். உண்மைதான். கட்டியவர் பூட்டாமல் போய்விட்டார், நாங்கள் குடியேறிவிட்டோம்.

என் பைத்தியம் புத்தகத்தோடு நிற்காத ஒரு காலமும் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்களைப் பார்க்க வந்தவர் ஒருவர் அரைக்கைச் சட்டையில் எதிரே உட்கார்ந்தார். வலது முன்கை நல்ல கறுப்பு, இடது முன்கை வெளுப்பு. மணிக்கட்டில் கடிகாரத் தடம் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த தருணம் அல்லவா? "நீங்க தினமும் ரொம்ப தூரம் கார் ஓட்டுறீங்க. ஜன்னலை இறக்கிவிட்டு, கையை வெளியே வச்சுக்கிட்டு" என்றேன், பார்வையைக் கொஞ்சம் தூரத்தில் வைத்து.

அவர் தன் கைகளை மாற்றி மாற்றிப் பார்த்தார். "எனக்குக் கார் ஓட்டவே தெரியாதுங்க. இந்தக் கை ரெண்டு மாசம் மாவுக்கட்டுல இருந்துச்சு. போன வாரம்தான் பிரிச்சாங்க."

கவனித்தது அத்தனையும் சரி. ஒரு கை கறுத்ததா, மற்றது வெளுத்ததா என்று கேட்டுக்கொள்ளத்தான் மறந்துவிட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்து 'நீல மாணிக்கம்' கதையில் வரும் தொப்பிக் காட்சியைத் திரும்பப் படித்தேன். ஒரு பழைய தொப்பியை மட்டும் வைத்துக்கொண்டு அதன் சொந்தக்காரரைப் பற்றி ஹோம்ஸ் அடுக்குகிறார். ஒட்டியிருக்கும் நரைமுடித் துணுக்குகளால் நடுவயது, அண்மையில் முடிவெட்டியவர். கொழுப்பு மெழுகுவர்த்தி சொட்டிய கறைகளால் வீட்டில் எரிவாயு விளக்கு இல்லை. பல வாரமாகத் தூசி தட்டப்படவில்லை, ஆகவே மனைவிக்கு அவர்மேல் பிரியம் போய்விட்டது. தொப்பி பெரிசு, ஆகவே மூளையும் பெரிசு! அத்தனையும் சரியாக இருக்கிறது. எப்படி? தொப்பியும் டாயிலுடையது, தலையும் டாயிலுடையது. எனக்கு எதிரே உட்கார்ந்தவரின் கையை நான் எழுதவில்லை.

டாயிலே தான் எழுதாத ஒரு மனிதரைத் துப்பறிந்த கதை ஒன்று உண்டு. ரசிகர்கள் கூடும் இடத்தில் நான் தவறாமல் சொல்லும் கதை. 1903இல் ஸ்டாஃபோர்ட்ஷயரில் கிரேட் வைர்லி என்ற ஊரில் இரவு நேரங்களில் குதிரைகளும் மாடுகளும் வயிறு கிழிக்கப்பட்டுக் கிடந்தன. பழி ஜார்ஜ் எடால்ஜி என்ற இளம் வழக்கறிஞர்மேல் விழுந்தது. இந்தியாவிலிருந்து போன பார்சி ஒருவர் அந்த ஊரில் பாதிரியாராக இருந்தார், அவருடைய மகன். ஏழு வருஷத் தண்டனை. மூன்று வருஷம் கழித்து எந்த விளக்கமும் இல்லாமல் வெளியே விட்டார்கள். குற்றவாளி என்ற பெயர் மட்டும் போகவில்லை. அவர் டாயிலை நாடினார்.

லண்டன் சாரிங் கிராஸில் ஒரு ஹோட்டலில் சந்திப்பதாக ஏற்பாடு. டாயில் வரத் தாமதம். உள்ளே நுழையும்போது எடால்ஜி செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார், தாளை முகத்துக்கு ஒட்டினாற்போல், கொஞ்சம் சாய்த்துப் பிடித்து. கண் மருத்துவம் படித்த டாயில் அந்த இடத்திலேயே நின்று பார்த்தார். கடுமையான கிட்டப்பார்வை. இந்த மனிதர் கும்மிருட்டில் வயல்களையும் தண்டவாளத்தையும் கடந்து போய் மிருகத்தைத் தேடிப் பிடித்துக் கிழித்துவிட்டு, யார் கண்ணிலும் படாமல் திரும்பினாரா?

ஹோம்ஸ் கதையாக இருந்தால் இங்கேயே முடிந்திருக்கும். டாயில் இதோடு நிறுத்தவில்லை. கண் மருத்துவ நிபுணரிடம் உறுதி செய்துகொண்டார், ஊருக்கே போய் நடந்து பார்த்தார், 1907 ஜனவரியில் டெய்லி டெலிகிராஃபில் எழுதித் தள்ளினார். அரசாங்கம் மன்னிப்பு வழங்கியது. நஷ்டஈடு மட்டும் ஒரு காசு தரவில்லை. இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே வருஷம் சட்டமாக வந்ததற்கு இந்த வழக்கும் ஒரு காரணம். என் மாவுக்கட்டுக்காரரை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால், நிபுணரிடம் போய் உறுதி செய்துகொண்டார் என்ற இடத்தில்தான் என் கண் நிற்கும்.

சரி, மகளின் கேள்விக்கு வருகிறேன்.

ஹோம்ஸும் வாட்சனும் 1881 வாக்கில் பேக்கர் ஸ்ட்ரீட்டில் குடியேறுகிறார்கள். வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ள ஆள் தேடிய இரண்டு அந்நியர்கள். கடைசிவரை ஒருவரை ஒருவர் 'ஹோம்ஸ்', 'வாட்சன்' என்று குடும்பப் பெயரால்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். 'ஷெர்லாக்' என்று ஒருதரம்கூட வாட்சன் வாயில் வராது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஆண்களுக்குள் அதுவே நெருக்கத்தின் அடையாளம்தான், 'மிஸ்டர்' போய்விட்டதே. ஆனால் தமிழில் கதை சொல்லும் எனக்கு அது போதாது. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் 'கிறாயா', 'கிறீர்களா' என்று வினைச்சொல் வந்து நின்று பதில் கேட்கிறது.

எனக்கே அவரிடம் இந்தச் சிக்கல் இருக்கிறது. சின்ன வயதில் 'ஹோம்ஸ் கண்டுபிடிச்சுட்டான்' என்றுதான் நண்பர்களிடம் சொல்வேன். எப்போது 'அவர்' ஆனார் என்று ஞாபகம் இல்லை. முதல் நாவலில் ஹோம்ஸுக்கு வயது 27தான் இருக்கும். இன்றைக்கு அவரைவிட நான் எவ்வளவோ மூத்தவன், இருந்தும் 'அவன்' என்று வாயில் வரமாட்டேன் என்கிறது.

மகளிடம் ஒரு யோசனை இருந்தது. "சண்டை போட்டா நீ வா போன்னு வந்துடும்பா." நல்ல யோசனை. சண்டை போட்டே ஆக வேண்டிய ஒரு இடமும் கதையில் இருக்கிறது. அருவியில் விழுந்து (கதைக்குள் அது 1891) செத்துப்போனதாக வாட்சனை மூன்று வருஷம் நம்ப வைத்துவிட்டு, 1894இல் கிழட்டுப் புத்தக வியாபாரி வேஷத்தில் வந்து நிற்கிறார் ஹோம்ஸ். அண்ணன் மைக்ராஃப்டுக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே தெரியும். அழுது தீர்த்த வாட்சனுக்குச் சொல்லவில்லை. இந்த ஒரு விஷயத்தில் ஹோம்ஸை நான் இன்னும் மன்னிக்கவில்லை. வாட்சன் என்ன செய்தார்? மயக்கம் போட்டு விழுந்தார். எழுந்து, சந்தோஷப்பட்டு, அன்று இரவே கூடத் துப்பறியக் கிளம்பிவிட்டார். ஒரு கெட்ட வார்த்தை இல்லை. சண்டை போடத் தெரியாத மனுஷன், 'நீங்க'ளை எப்படி விடுவார்?

ஆக, இன்னும் எட்டு வருஷம் தள்ளிப் போனேன். 'மூன்று காரிடெப்கள்', நடப்பது 1902இல். கதையாகப் பார்த்தால் சுமார்தான். செம்பட்டைத் தலையர் கதையையே வேறு சட்டை மாட்டி அனுப்பியது போலிருக்கும். டாயில் அதை எழுதியபோது வயது அறுபதைத் தாண்டிவிட்டது, அலுப்பு தெரிகிறது. ஆனால் கடைசிப் பக்கங்களுக்காக எந்த ரசிகரும் அதை விட்டுக்கொடுக்கமாட்டார். வில்லன் திடீரென்று துப்பாக்கியை எடுத்து இரண்டு தடவை சுடுகிறான். வாட்சனின் தொடையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்தது போல எரிகிறது. ஹோம்ஸ் தன் துப்பாக்கியால் அவன் மண்டையில் ஓங்கி அடித்துவிட்டு, ஓடிவந்து வாட்சனைக் கட்டிப் பிடித்து நாற்காலியில் உட்காரவைக்கிறார். உதடு நடுங்குகிறது. இருபது வருஷத்தில் முதல்தடவை.

அன்று இரவு இந்த இடத்துக்கு வரும்போது 'நீ' என்று மாற்றிவிடுவது என முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்தேன். குரலைக்கூடக் கொஞ்சம் பழகி வைத்திருந்தேன். அதெல்லாம் தேவைப்படவில்லை.

"வாட்சன், உனக்கு ஒண்ணும் ஆகலையே? ஐயோ கடவுளே, ஒண்ணும் ஆகலைன்னு சொல்லு!"

மகள் போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். "அப்பா! 'உனக்கு'ன்னு சொல்லிட்டாரு!"

"ஆமா."

"வாட்சன் என்ன சொன்னாரு? அவரும் 'நீ'யா? இல்ல இன்னும் 'நீங்க'தானா?"

இதற்கு நான் தயாராக இல்லை. புத்தகத்தை விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். வாட்சனின் பதில் ஒரே வரி. ஒன்றுமில்லை ஹோம்ஸ், வெறும் கீறல் என்கிறார். இன்னொரு தடவை படித்தேன். அந்த வரியில் 'யூ' என்ற சொல்லே இல்லை.